ஆசைப் பட்டியலில் விட்டுப்போன கட்டம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. திருமணமாகி 9 வருடம், இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் சொந்த வீடு, உங்கள் மேற்படிப்பு, பெற்றோரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது, உடம்பைக் கவனிப்பது என்று நாலு வரி எழுதுகிறீர்கள். கணவர் "சரி, பார்க்கலாம்" என்கிறார். வருடக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் அதே நாலு வரி அப்படியே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

எனக்குத் தொழிலே திட்டமிடல்தான். எந்த வேலையை யார், எந்த வாரத்தில், எத்தனை மணி நேரத்தில் முடிப்பார்கள் என்று அட்டவணை போட்டுக் கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். அப்படியிருந்தும் என் வீட்டுப் பட்டியல் பல வருடம் உங்களுடையதைப் போலத்தான் கிடந்தது. அலுவலகத்தில் ஒரு வேலையை எழுதினால் பக்கத்தில் ஒரு பெயர் வந்தாக வேண்டும். ஆள் இல்லாத வேலையை அட்டவணையில் ஏற்ற விடமாட்டார்கள். வீட்டில் மட்டும் பெயரே இல்லாமல் எழுதிவிடுகிறோம். "பெற்றோரைப் பார்த்துக்கொள்வது" என்று எழுதியிருக்கிறீர்களே, பார்த்துக்கொள்ளப் போவது யார்? என்றைக்கு? அந்த நேரத்தில் அவர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்?

'ஸ்மார்ட்' இலக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐந்து ஆங்கில எழுத்து, ஐந்து நிபந்தனை. 1981-ல் ஜார்ஜ் டோரன் என்பவர் நிறுவன மேலாளர்களுக்காக எழுதிய ஒரு கட்டுரையில் வந்தது அது. நடுவில் இருக்கும் 'ஏ' எழுத்துக்குப் பெரும்பாலான பயிற்சி வகுப்புகளில் இன்று 'எட்டக்கூடியது' என்று பொருள் சொல்கிறார்கள். டோரன் எழுதியது அதில்லை. இன்னார் செய்வார் என்று ஒருவரிடம் ஒப்படைக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் அந்த 'யார்' தொலைந்துபோனது. வீட்டுக்கு முதலில் வேண்டியது அதுதான் என்பேன்.

பெயர் போடுவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. பட்டியலில் உள்ள சொல்லுக்கு வீட்டில் எல்லாரும் ஒரே அர்த்தம்தான் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. நாங்களும் 'சொந்த வீடு' என்று ஆறேழு வருடம் எழுதினோம். ஒருநாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, "சொந்த வீடு வந்தால் உனக்கு என்ன மாறும்? ஒரே வரி. அடுத்தவர் எழுதுவதைப் பார்க்கக் கூடாது" என்றேன். கணவர் எழுதியது: "யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது." நான் எழுதியது: "கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் இடம்." அப்போது 13 வயதாகியிருந்த மகள் பென்சிலைக் கடித்தபடி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: "சுவத்துல ஆணி அடிக்கலாம்." தம்பிக்காரன் ஒரு நாயை வரைந்து வைத்திருந்தான்.

நாலு காகிதத்தையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. மகளின் ஆணிக்கு வீட்டு உரிமையாளரிடம் ஒரு ஃபோன் போதும். கேட்டோம், காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துவிட்டால் சரி என்று சொல்லிவிட்டார். எனக்குத் தேவைப்பட்ட இடம் சாமான் அறைக்குள்ளேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒழித்ததில் ஒரு நாற்காலி போடுமளவுக்கு இடம் கிடைத்தது, கதவும் சாத்த முடிந்தது. பத்து வருடக் கனவு என்று நாங்கள் பெயர் வைத்திருந்ததில் பாதி ஒரே மாதத்தில் முடிந்துவிட்டது. உண்மையில் பத்து வருடப் பணம் கேட்டது என் கணவரின் அந்த ஒரு வரி மட்டும்தான். அது எதற்காக என்று தெரிந்துவிட்டதால், அதற்கப்புறம் வீடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற சண்டையும் எங்களுக்குள் குறைந்தது. நாய் விவகாரம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

உங்கள் மேற்படிப்பையும் இதே மாதிரி கேட்டுப் பாருங்கள். படித்து முடித்தால் என்ன மாறும்? சம்பளம் கூடும் என்றால், இரண்டு வருடப் பட்டம்தான் வேண்டுமா, ஆறு மாதச் சான்றிதழ் படிப்பே போதுமா என்று உங்கள் துறையில் ஆள் எடுக்கிற இரண்டு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். பாதியில் விட்ட படிப்பு மனத்தில் உறுத்துகிறது என்பதுதான் காரணம் என்றால், சான்றிதழ் எதுவும் அந்த உறுத்தலைப் போக்காது, பட்டம்தான் வேண்டும். இரண்டுக்கும் செலவு வேறு, நேரம் வேறு.

சரி, பட்டம்தான் என்று வைத்துக்கொள்வோம். கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பட்டம் கையில் வரும் மாதம் எது? அப்படியானால் சேர வேண்டிய மாதம் எது? விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்? அதற்குப் பழைய மதிப்பெண் சான்றிதழ் வேண்டுமா, நுழைவுத் தேர்வு உண்டா? இப்படிக் கேட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் "இந்தச் சனிக்கிழமை அலமாரியில் பழைய சான்றிதழைத் தேடுவது" என்கிற மாதிரி ஒரு சின்ன வேலையில் வந்து நிற்கும். அங்கே வந்து நிற்காவிட்டால் பின்னோக்கி வந்தது போதவில்லை. நடுவில் இருக்கிற வருடங்களை ரொம்பத் துல்லியமாகப் போட வேண்டாம், எப்படியும் மாறும். தூரத்தில் இருப்பது மங்கலாக இருந்தால் தப்பில்லை. அடுத்த 3 மாதம் மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

இனி நேரக் கணக்கு. வாரத்துக்கு 8 மணி நேரம் படிக்க வேண்டும் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 400 மணி நேரம். அது எங்கேயோ சும்மா கிடக்கவில்லை. இப்போது யாரோ எதற்கோ செலவழித்துக்கொண்டிருக்கிற நேரம் அது. உங்கள் தூக்கமாக இருக்கலாம், கணவரின் ஓய்வாக இருக்கலாம்.

இதை நான் கற்றுக்கொண்டதில் கொஞ்சம் கசப்பு உண்டு. சில வருடங்களுக்கு முன் சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். காலை 9 முதல் மதியம் 1 வரை. என் அட்டவணையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: பாடம், தேர்வு, கட்டணம். கணவருக்கும் சனிக்கிழமை வேலை உண்டு. மகள் பெரியவள், தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது கூடச் சரியில்லை, நினைக்கவே இல்லை. ஆறு மாதம் கழித்துப் பீரோவைச் சுத்தம் செய்தபோது அவளுடைய நீச்சல் உடை மடித்தபடி அடித்தட்டில் கிடந்தது. "என்னடி இது, பயிற்சிக்குப் போகலையா?" என்று கேட்டேன். "அது சனிக்கிழமைதானேம்மா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் படிப்புக்கான நேரத்தை ஆறு மாதமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அதிலிருந்து எங்கள் தாளில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது: 'யாருடைய நேரம்?' இலக்கு, தேதி, பணம் என்ற மூன்றோடு நாலாவது. அந்தக் கட்டத்தை இலக்கு வைத்திருப்பவர் நிரப்பக் கூடாது, நேரம் கொடுக்கப் போகிறவர்தான் தன் கையால் எழுத வேண்டும். எழுத மறுத்தால் பேச வேண்டும். ஆளைச் சம்பளத்துக்கு வைக்க முடியுமா, வகுப்பை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா, ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று. எதுவும் முடியாவிட்டால் அந்த இலக்கு இந்த வருடம் இல்லை. உங்கள் நாலு வரிக்கும் இந்தக் கட்டத்தை நிரப்பிப் பாருங்கள். நாலும் ஒரே வருடத்துக்குள் அடங்காது என்று நான் சொல்லாமலே தெரிந்துவிடும். ஒரு பெரிய இலக்கு, ஒரு சின்ன இலக்கு. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் வீட்டில் வருடத்துக்கு அதுவே தாராளம்.

எவ்வளவு நாளாகும் என்ற கணிப்பில் நம்மை நாமே நம்பக் கூடாது. கனடாவில் ரோஜர் பியூலரும் சகாக்களும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, மிக மோசமாகப் போனால் என்று யோசித்துச் சொன்ன கணக்கைவிடவும் தாண்டிவிட்டது. நான் வீட்டுக் கணக்கில் வருடத்துக்கு 52 வாரம் வைப்பதில்லை, 40 வாரம்தான். மிச்சம் 12 வாரம் பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் தேர்வுக்கும் விசேஷங்களுக்கும் போய்விடும். போகாமல் மிஞ்சினால் லாபம்.

பணத்துக்கு வருவோம். வீட்டுக்கு ஆகும் தொகையை 120 மாதத்தால் வகுத்து, மாதம் இவ்வளவு சேர்த்தால் பத்து வருடத்தில் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். விலை நமக்காக நின்று காத்திருக்காது. எளிய கணக்கு ஒன்று: 72-ஐ வருட விகிதத்தால் வகுத்தால், எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும். விலை வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இன்று 100 ஆக இருப்பது 200 ஆகிவிடும். சேமிப்பு வளராமல் சும்மா கிடந்தால் பாதி வீடுதான் வாங்கலாம். இதே கணக்கு கடனுக்கும் பொருந்தும். 24 சதவீத வட்டிக் கடனைக் கட்டாமல் விட்டால் ஏறக்குறைய 3 வருடத்தில் இரட்டிப்பாகும். அந்த மாதிரிக் கடன் இருக்கும்போது வீட்டுக்கென்று சேமிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஆகவே வரிசை இது: முதலில் அதிக வட்டிக் கடன். அப்புறம் திடீர்ச் செலவுக்கென்று 3 முதல் 6 மாதக் குடும்பச் செலவுக்கு ஆகும் தொகை. அதற்குப் பிறகுதான் வீடு. அப்புறம், இரண்டு மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள்; எடுக்க வேண்டிய நேரத்தில் சந்தை இறங்கியிருந்தால் காத்திருக்க உங்களுக்கு அவகாசம் இருக்காது.

'உடம்பைக் கவனிப்பது' என்ற வரிக்கு மட்டும் உடனே கைமேல் பலன் தரும் ஒரு வழி உண்டு: எப்போது, எங்கே என்று எழுதிவிடுவது. 2002-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. அதில் 38 சதவீதம் பேர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். இரண்டாவது குழுவுக்கு, செய்யாவிட்டால் இதயநோய் வரும் என்று படிக்கக் கொடுத்தார்கள், 35 சதவீதம். மூன்றாவது குழுவுக்கும் அதையே கொடுத்துவிட்டு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று ஒரு வரி எழுத வைத்தார்கள், 91 சதவீதம். ஒரு வாரத்துக்கு நடந்த சோதனை, வாழ்நாளுக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பயமுறுத்துவதைவிட நேரம் குறிப்பது மேல் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். ஒரு வேலை பழக்கமாக 21 நாள் போதும் என்று சொல்வதை நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்ததில் நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒருநாள் தவறினால் குடி முழுகிப் போகாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

பெற்றோர் விஷயம் மற்ற மூன்றையும் போல இல்லை. அதில் நீங்கள் முடிவெடுக்க முடியாத பாதி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் வந்து இருக்க அவர்களுக்கு விருப்பமா என்று கேட்டீர்களா? பழகிய தெருவையும் பேச்சுத் துணையையும் விட்டுவிட்டு வர மனமில்லாதவர்களைக் 'கூட்டி வருவது' என்று இலக்கு வைத்தால் அது உங்கள் ஆசை, அவர்களுக்குத் தண்டனை. உங்கள் கையில் இருப்பது என்ன என்று பிரித்துப் பாருங்கள். மருந்துச் சீட்டுகளின் நகல் உங்களிடம் இருக்கிறதா? அவர்களுடைய மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் யாருக்குத் தெரியும்? ராத்திரி 2 மணிக்கு ஃபோன் வந்தால் அரை மணி நேரத்தில் அங்கே போய் நிற்கக்கூடியவர் யார்? கூடப் பிறந்தவர்கள் இருந்தால் இந்தப் பேச்சில் அவர்களும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'யாருடைய நேரம்' என்ற கட்டத்தில் உங்கள் பெயர் மட்டுமே வந்துகொண்டிருக்கும். பிள்ளைகளின் படிப்பும் இப்படித்தான்; மதிப்பெண் அவர்களுடையது, தினம் அரை மணி நேரம் ஃபோனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவது உங்களுடையது. உங்களுடையதை மட்டும் தாளில் எழுதுங்கள்.

எழுதியதை எப்போது திரும்பப் பார்ப்பது? வாரம் ஒருமுறை, 15 நிமிடம். அதற்கு மேல் போனால் அது கூட்டமாகிவிடும், பிள்ளைகள் நழுவிவிடுவார்கள். போன வாரம் எழுதியது நடந்ததா, நடக்காவிட்டால் எது குறுக்கே வந்தது, இந்த வாரம் என்ன. குற்றம் கண்டுபிடிக்கிற இடமாக அது மாறினால் மூன்றாவது வாரத்தோடு முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் பெரிதாக உட்கார்ந்து, இந்த இலக்கு இன்னும் வேண்டுமா என்றே கேளுங்கள். வேண்டாம் என்றால் எல்லாரும் பார்க்கும்படி அடித்துவிடுங்கள். சொல்லாமல் கைவிட்ட இலக்குதான் அடுத்த வருடமும் அதே வரியாக வந்து நிற்கிறது. உங்கள் பட்டியலில் ஒன்றாவது அப்படிப்பட்டதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, உங்கள் கணவரின் "சரி, பார்க்கலாம்". ஆர்வமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நாலு வரியையும் படிக்கும்போது, இதற்கெல்லாம் எவருடைய ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறது என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கவும் கூடும். "உட்காருங்க, திட்டம் போடலாம்" என்று கூப்பிட்டால் யாருக்குமே எழுந்து ஓடத்தான் தோன்றும். வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சொந்த வீடு வந்தா உங்களுக்கு என்ன மாறும்?" பதில் வந்ததும் அதை விளக்கவோ திருத்தவோ வேண்டாம், அப்படியே எழுதி வையுங்கள். என் வீட்டில் அது கூட உடனே நடக்கவில்லை. என் வரிகளில் ஒன்றை, நான் ரொம்ப நாளாகப் பிடித்துவைத்திருந்ததை, அவர் எதிரிலேயே அடித்துவிட்டு, "இந்த வருஷம் இது வேண்டாம், இந்த நேரம் உங்களுக்கு" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் பேனாவை வாங்கினார்.